மூன்று நாள் முஸாபிர்

ஊரை விட்டு நகரத்துக்கு இரண்டு மூன்று நாள் அலுவலாகப் போகிறவருக்கு அலுவலைவிடப் பெரிய யோசனை இரண்டு இருக்கும். இரவில் எங்கே படுப்பது, வேளைக்கு எங்கே சாப்பிடுவது. இன்றைக்கு இந்த இரண்டையும் அவரவர் மடியில் உள்ள காசுதான் தீர்மானிக்கிறது. காசுள்ளவர் ஹோட்டலில் அறை எடுக்கிறார். இல்லாதவர் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையைத் தேடிப் போகிறார். அதுவும் இல்லாதவர் பஸ் நிலையத்தில் விடிய விடியக் குந்தியிருக்கிறார். ஆனால் முஸ்லிம் நகரங்களின் பழைய வரலாற்றைப் புரட்டினால் அங்கே வேறொரு கணக்கு இருக்கிறது. வந்தவருடைய முதல் மூன்று நாட்களும் அந்த ஊரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யார் யார் எப்படிச் சுமந்தார்கள், எங்கட காலத்தில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சூரத்துல் கஹ்பில் வரும் சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. மூஸா (அலை) அவர்களும் அவருடைய வழித்துணையும் ஓர் ஊருக்குப் போய்ச் சாப்பாடு கேட்கிறார்கள். ஊரார் மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊரைப் பற்றி அல்குர்ஆன் வேறெதையும் நமக்குச் சொல்வதற்கு முன், பயணிக்குச் சோறு மறுத்த ஊர் என்பதைத்தான் சொல்கிறது. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் ஒருவராக இப்னுஸ் ஸபீலை, அதாவது வழிப்போக்கரை, சூரத்துத் தவ்பா எண்ணுகிறது. ஊரில் அவர் வசதியானவராக இருக்கலாம். வழியில் கையறு நிலையில் நின்றால் அவருக்கு அதில் பங்குண்டு. பங்கு என்றால் உரிமை. யாருடைய இரக்கத்துக்கும் அவர் காத்து நிற்க வேண்டியதில்லை.

மூன்று நாள் என்ற அளவு ஹதீஸில் வருகிறது. அபூ ஷுரைஹ் (ரழி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முதல் ஒரு பகலும் ஓர் இரவும் விருந்தாளியைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும், விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது ஸதகா என்பது அதன் கருத்து. விருந்தாளிக்கும் அதில் ஒரு கட்டளை இருக்கிறது. வீட்டுக்காரர் சங்கடப்படும் அளவுக்கு அவர் தங்கிவிடக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் போகிற நாளும் சேராமல் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தவருக்குக் கஸ்ர் தொழும் சலுகை இல்லை. சட்டம் வேறு, விருந்தோம்பல் வேறுதான். என்றாலும் இரண்டிலும் முஸாபிரின் தங்கல் நாள்கணக்கில் எண்ணப்படுகிறது. வந்தவர் தட்டுத் தடுமாறாமல் தன் அலுவலை முடிப்பதற்கு ஓர் அவகாசம், வீட்டுக்காரர் நொந்து போகாமல் இருப்பதற்கு ஓர் எல்லை.

இந்தக் கடமையைத் தனி வீடுகள் மட்டும் சுமக்க முடியாது என்பதை முதற்காலத்திலேயே கண்டுகொண்டார்கள். வழியில் தவித்து நிற்பவர்களுக்காக மாவு, ஈத்தம்பழம், உலர்ந்த திராட்சை முதலியன சேர்த்து வைத்த களஞ்சியத்தை உமர் (ரழி) அவர்கள் ஏற்படுத்தியதை இப்னு ஸஅத் எழுதுகிறார். அதற்கு ‘தாருத் தகீக்’, மாவு வீடு, என்று பெயர். ஹிஜ்ரி 99இல் கலீபாவான உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் ஸமர்கந்துப் பக்கத்து ஆளுநருக்கு அனுப்பிய கட்டளையைத் தபரீ பதிவு செய்திருக்கிறார். உன் ஊர்களில் தங்குமடங்களைக் கட்டு, வருகிறவர்களை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரி, அவர்களின் மிருகங்களையும் பார், நோயாளியாக இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள், வழியற்று நிற்பவராக இருந்தால் அவர் ஊர் போய்ச் சேர வேண்டியதைக் கொடு என்பது அதன் சாரம். நோயாளிக்குக் கூடுதல் நாள் என்று ஓர் ஆட்சியாளர் பிரித்து எழுதியதை வாசிக்கும்போது கொஞ்சம் நின்றுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. நகரத்துக்கு வருகிற எல்லோரும் வியாபாரத்துக்கு வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆட்சி மாறினால் கட்டளையும் மாறும். அதனால் இந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல வக்புகளின் கைக்கு வந்தது. அனதோலியாவில், கைஸரிக்குக் கிழக்கே, 13ஆம் நூற்றாண்டில் ஸல்ஜூக்கிய அமைச்சர் ஜலாலுத்தீன் கரதாய் கட்டிய தங்குமடம் இன்னும் நிற்கிறது. அதன் வக்புப் பத்திரம் முஸ்லிம், முஸ்லிமல்லாதவர், சுதந்திரமானவர், அடிமை, ஆண், பெண் என்ற வேறுபாடு பாராமல் வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி ரொட்டியும் இறைச்சியும் கொடுக்கச் சொல்கிறது. வெள்ளி இரவுகளில் தேன் ஹல்வா. செருப்பறுந்த ஏழைக்குச் செருப்பு, நோயாளிக்கு மருந்து, அங்கேயே மவுத்தாகிவிட்டால் கபனும் அடக்கமும். வழிப்பயணத்தில் மனிதருக்கு என்னென்ன நேரலாம் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இஸ்தான்பூலில் இது இன்னும் பெரிதாக வளர்ந்தது. ஸுல்தான் முஹம்மத் பாத்திஹ் 1463 முதல் 1470 வரை கட்டிய பள்ளி வளாகத்தில் மத்ரஸாக்களோடும் வைத்தியசாலையோடும் ‘இமாரத்’ என்ற பொதுச் சமையற்கூடமும், பயணிகள் தங்கும் ‘தப்கானே’யும் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கே நாளுக்கு இரண்டு வேளை சாப்பாடு. பயணிக்கு மூன்று நாள் தங்கலும் உணவும் இலவசம். ஹதீஸில் உள்ள அளவு அப்படியே சமையற்கூடத்தின் விதியாகிவிட்டது. உஸ்மானிய இமாரத்துகளின் வழமை காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி. வெள்ளி இரவுகளிலும் றமழானிலும் இறைச்சிச் சோறும் ‘ஸெர்தே’ என்ற குங்குமப்பூ இனிப்புச் சோறும். பைத்துல் முகத்தஸில் ஹுர்ரம் ஸுல்தான் 1552இல் வக்பு செய்த சமையற்கூடம் இன்றும் ஏழைகளுக்குச் சமைக்கிறது. அதே நகரத்தில் பாபா பரீத் அவர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ‘ஸாவியத்துல் ஹுனூத்’ நூற்றாண்டுகளாக எங்கட பக்கத்து ஹாஜிகளுக்கும் பயணிகளுக்கும் தங்கலிடமாக இருந்து வந்திருக்கிறது.

அரசரும் அமைச்சரும் அரச மகளிரும் செய்ததை மட்டும் சொன்னால் இது பணக்காரர் கதையாகிவிடும். 1330களில் அனதோலியாவில் சுற்றிய இப்னு பதூதா எழுதுவது வேறு கதை. அந்தாலியாவில் பழைய உடுப்போடு, தலையில் கம்பளித் தொப்பியோடு ஒருவர் வந்து அவரையும் கூட்டாளிகளையும் சாப்பிட அழைக்கிறார். இந்த ஏழை எங்களுக்கு எப்படிச் சாப்பாடு போடுவார் என்று இப்னு பதூதா யோசிக்கிறார். பிறகுதான் தெரிகிறது, அந்தத் தோல் தைக்கும் தொழிலாளி ‘அகீ’ என்ற சகோதரத்துவ அமைப்பின் தலைவர். இருநூறு கைத்தொழிலாளர் அவருக்குக் கீழே. பகல் முழுக்க உழைத்து, அஸருக்குப் பின் அன்றைய சம்பாத்தியத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் பழமும் சாப்பாடும் வாங்குவார்கள். அன்றைக்கு ஊருக்கு ஒரு முஸாபிர் வந்தால் அவரோடு சேர்ந்து சாப்பிடுவார்கள். வராவிட்டால் தாங்களே கூடிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடி உழைக்கப் போவார்கள். லாதிக் என்ற ஊரில் இன்னும் சுவையான சங்கதி. சந்தையில் இரண்டு கூட்டத்தார் வந்து அவருடைய குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் கத்தியும் உருவிவிட்டார்கள். கொள்ளைக்காரர்கள்தான் என்று இப்னு பதூதா பயந்து போனார். அரபு தெரிந்த ஒரு ஹாஜி வந்து விளக்கினார்: இரண்டு அகீ கூட்டத்தார் இவர்கள், உங்களை யார் வீட்டில் தங்கவைப்பது என்றுதான் சண்டை. கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள்.

காசு கொடுத்துத் தங்குவோருக்கும் சாப்பிடுவோருக்கும் வேறு ஏற்பாடு. கெய்ரோவில் ஸுல்தான் கூரீ 1504–05இல் கட்டிய வகாலாவை இன்றும் அல்அஸ்ஹருக்குப் பக்கத்தில் பார்க்கலாம். கீழே பண்டகசாலை, மேலே வியாபாரிகள் தங்கும் அறைகள். சாப்பாடு சந்தையில். தெரியாத ஊரில் கடைச் சாப்பாட்டை நம்பிச் சாப்பிட வேண்டுமே. அதற்குத்தான் முஹ்தஸிப், சந்தைக் கண்காணிப்பாளர். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பாக் கைநூல், சமைத்த பாத்திரங்களை ஈயும் பூச்சியும் அண்டாமல் மூடி வைக்கச் சொல்கிறது. இறைச்சி அடைத்த குடல் செய்பவர்கள் முஹ்தஸிபின் கண்ணில் படும் தூரத்திலேயே தொழில் செய்ய வேண்டும், ஏனென்றால் கலப்படம் அங்கேதான் கூட. கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவு முழுக்க அவிக்கும் ஹரீஸாப் பானைக்கு முத்திரை வைப்பதும் உண்டு. உள்ளூர்க்காரர் எந்தக் கடை நல்ல கடை என்று அறிவார். வெளியூர்க்காரருக்கு அந்த முத்திரைதான் சாட்சி.

பெண்களின் நிலை என்ன என்று கேட்கலாம். கரதாய் பத்திரம் பெண்ணையும் சேர்த்தே எழுதியதைச் சொன்னேன். கெய்ரோவில் ஸுல்தான் பைபர்ஸின் மகள் ஹிஜ்ரி 684இல் பெண்களுக்கென்றே ஒரு ரிபாத்தைக் கட்டியதை மக்ரீஸீ குறிப்பிடுகிறார். ஸைனப் என்ற மார்க்க அறிஞருக்காக அது எழுப்பப்பட்டது. விதவைகளும் விவாகரத்தான பெண்களும் பாதுகாப்பாகத் தங்கும் இடமாக நெடுங்காலம் இயங்கியது. அதை நடத்தியவர்களும் பெண்களே.

இப்போது எங்கட மண்ணுக்கு வருவோம். இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது அவரை உபசரித்தவர் முஸ்லிமல்லாத மன்னர், ஆரியச் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்றதும் பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும் பிராமணர்களும், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தங்கள் வீட்டில், பெண்சாதி பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே தங்கவைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார். கண்டி இராச்சிய காலத்தில் எங்கட முன்னோர் தவளம் கட்டி மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குப் போனார்கள், பாக்கை ஏற்றித் திரும்பினார்கள். சிங்களக் கிராமங்களின் அம்பலங்கள் அந்த வழிகளில் போவோர் வருவோருக்கு நிழலும் படுக்கையுமாக இருந்தன. இந்த நாட்டில் முஸாபிராக நாங்கள் வாங்கிய கடன் பெரியது.

1867இல் ரயில் கண்டியை அடைந்தது, 1928இல் மட்டக்களப்பை. பாதை சுருங்கிவிட்டது, பயணி கூடிவிட்டார். இப்போது கல்முனைப் பக்கமிருந்து இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் புறக்கோட்டையில் இறக்கிவிடும். கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை, பெரியாஸ்பத்திரி, மஹரகம என்று வருகிறவர்கள்தான் அதிகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இடியப்பமும் சொதியும் முதல் ராத்திரிக் கொத்துரொட்டி வரை எங்கட கடைகளிலேயே கிடைக்கும். படுக்கைதான் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன் ராத்தாவை மஹரகமவுக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் பரிசோதனை, மூன்றாம் நாள் முடிவு. நான் ஒரு பள்ளியில் சாய்ந்துவிடலாம், ராத்தாவை எங்கே விடுவது? ஒரு லொட்ஜில் ஆணும் பெண்ணுமாகப் போனதற்கு ஆயிரம் கேள்வி கேட்டார்கள். இன்னொன்றில் கேட்ட வாடகை எங்கட ஒரு மாதச் சாமான் காசு. “வாடா தம்பி, ஊருக்கே போயிட்டு வருவோம்” என்றா ராத்தா. அந்த உடம்போடு ஏழெட்டு மணித்தியாலப் பயணம் போய், மறுநாள் இரவே திரும்பவும் பஸ் ஏறினோம். உமர் இப்னு அப்துல் அஸீஸின் கட்டளையில் நோயாளிக்கு இரண்டு நாள் என்று இருக்கும் வரியை நான் புத்தகத்தில் முதலில் படித்தது அதற்குப் பிறகுதான்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பள்ளிகளும் முஸ்லிம் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளும் பதிவாகின்றன, கணக்கும் காட்டப்படுகிறது. நான் பார்த்த ஸகாத் பட்டியல்களில் பக்கீர், மிஸ்கீன், கடனாளி இருக்கிறார்கள். இப்னுஸ் ஸபீல் வெறும் பெயராக இருக்கிறார், அல்லது இல்லை. பெரிய மாளிகை ஒன்றும் தேவையில்லை. பெரியாஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் ஒரு வீடு, பெண்களுக்குத் தனிவாசல், ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் மூன்று நாள், காலையும் இரவும் கஞ்சியோ சோறோ. கரதாய் எழுதிய மாதிரி வருகிறவர் என்ன மதம் என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். இந்த மண்ணில் எங்கட பக்கீர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல்தானே சோறு போட்டார்கள்.

பணக்காரர் ஒருவர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்தாலியாவின் தோல் தைப்பவர்கள் காத்திருக்கவில்லை. அடுத்த முறை உங்கள் பள்ளியில் வருடக் கணக்கு வாசிக்கும்போது, யாராவது ஒருவர் எழும்பி, இப்னுஸ் ஸபீலுக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்கட்டும்.