நடுப்பருவத்துக் கணக்குகள்

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் வரலாறு என்ன என்று கேட்டால், இந்த நகரத்தில் எவரும் இரண்டு திகதிகளைச் சொல்லுவார்கள். 1992 ஒக்ரோபர் 24: அட்லான்ராவில், பதினோராவது இன்னிங்ஸில், டேவ் வின்ஃபீல்டின் ஓர் அடியில் இரண்டு பேர் ஓடிவந்து உலகத் தொடரை முதன்முதலாகக் கனடாவுக்குப் பெற்றுத் தந்த நாள். 1993 ஒக்ரோபர் 23: பிலடெல்பியாவின் மிச் வில்லியம்ஸ் எறிந்த பந்தை ஜோ கார்ட்டர் இடதுபக்க வேலிக்கு மேலால் அனுப்பி இரண்டாவது முறையும் வென்ற நாள். இரண்டும் ஒக்ரோபர். வரலாறு எழுதுபவர்களுக்கு முடிவு தெரிந்த மாதங்களில்தான் விருப்பம் அதிகம்.

உணவகக் குசினிகளில் வேலை செய்யும் எங்களுக்கு இந்த அணியின் வரலாறு வேறொரு மாதத்தில் கிடக்கிறது. அது யூலை. எதுவும் முடிவாகாத மாதம். அந்த மாதத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

பேஸ்போலை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்ரெம்பர் கடைசிவரை, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஆட்டம். மிகச் சிறந்த அணியும் அறுபது தடவை தோற்கும். மிக மோசமான அணியும் நாற்பது தடவையாவது வெல்லும். ஆகவே ஒரு நாள் வெற்றிக்காகத் துள்ளுவதிலும் பொருளில்லை. ஒரு நாள் தோல்விக்காகச் சாப்பிடாமல் படுப்பதிலும் பொருளில்லை. பார்க்கவேண்டியது அட்டவணையை. முதலிடத்தில் நிற்பவர் 48 வென்று 35 தோற்றிருக்கிறார், நாங்கள் 45 வென்று 38 தோற்றிருக்கிறோம் என்று வையுங்கள். வெற்றியில் வித்தியாசம் மூன்று, தோல்வியில் வித்தியாசம் மூன்று. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் மூன்று. மூன்று ஆட்டங்கள் பின்னால் நிற்கிறோம். ஒருவர் ஆடாத நாளில் மற்றவர் ஆடினால் 'அரை ஆட்டம்' பின்னால் நிற்பதும் உண்டு. புள்ளிவிபரவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்த எங்களைப் போன்றவர்களுக்கு, பல்கலைக்கழகம் மிச்சம் வைத்த பாடம் இந்த அட்டவணையில்தான் தொடர்ந்தது.

எண்கள் குசினிக்குள் வந்தது வானொலி வழியாக. ரொம் சீக் என்ற வர்ணனையாளர் 1977இல் அணியின் முதல் ஆட்டத்திலிருந்து 2004 யூன் வரை, ஒன்றையும் தவறவிடாமல், தொடர்ச்சியாக 4,306 ஆட்டங்களை வர்ணித்தார். தந்தையின் மரணமே அந்தத் தொடரை நிறுத்தியது. 1981 முதல் அவரோடு இருந்த ஜெரி ஹவார்த் 2017 பருவம்வரை நீடித்தார். எங்களுக்கு முந்திவந்த அண்ணைமார், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோப்பை கழுவியவர்கள், ஆங்கிலம் பழகியது இந்தக் குரல்களிடம்தான். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்கக்கூடிய வேகத்தில் நடக்கும் விளையாட்டு இது ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லுவார்கள். கிரிக்கெட் கேட்டு வளர்ந்த காதுகள். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலுள்ள மௌனம் அவர்களுக்குப் புதிதல்ல.

அணியின் தொடக்கம் பரிதாபமானது. 1977 ஏப்ரல் 7 அன்று, பனி கொட்டிய மைதானத்தில், சிக்காகோ வைட் சொக்ஸை 9–5 என்று வென்று தொடங்கினார்கள். அந்தப் பருவம் 107 தோல்விகளோடு முடிந்தது. அடுத்த வருடம் 102, அதற்கடுத்த வருடம் 109. முதன்முதலாகத் தோல்விகளைவிட வெற்றிகள் கூடியது 1983இல்: 89 வெற்றி, 73 தோல்வி. அந்த யூலையில் இந்த நகரம் தன் அணி முதலிடத்துக்குப் போட்டியிடுவதைப் புதுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே யூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்பதை எங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்த யூலையில் எரிந்த வீடுகளிலிருந்து புறப்பட்டவர்களில் பலர் இந்த நகரத்துக் குசினிகளில் வந்து நின்றபோது, சுவரில் தொங்கிய வானொலியில் இந்த அணிதான் ஆடிக்கொண்டிருந்தது.

1983 ஓகஸ்ட் 4 அன்று இன்னொரு சம்பவம். நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக இங்கே ஆடவந்த வின்ஃபீல்ட் இன்னிங்ஸ்களுக்கு இடையில் எறிந்த பந்து கடற்பறவை ஒன்றின்மேல் பட்டு அது செத்துப்போனது. ரொறன்ரோப் பொலிசார் மிருகவதைக் குற்றத்தில் அவரைக் கைதுசெய்து, 500 டொலர் பிணையில் விட்டார்கள். மறுநாளே வழக்கைக் கைவிட்டார்கள். ஒன்பது வருடங்களின் பின் இந்த நகரத்துக்கு முதல் வெற்றியைக் கொடுத்தது அதே மனிதர். பிணை, வழக்கு போன்ற சொற்களை ஆங்கிலத்தில் முதலில் கற்றுக்கொண்ட எங்கள் அண்ணைமாருக்கு இந்தக் கதையில் ஒரு தனிப் பிரியம் உண்டு.

நடுப்பருவம் என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம் 1989. மே நடுப்பகுதியில் 12 வெற்றி, 24 தோல்வி என்ற நிலையில் முகாமையாளர் ஜிமி வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். அடிப்போருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சீற்றோ காஸ்ற்றனைத் தற்காலிகமாக அந்த இடத்தில் இருத்தினார்கள். தற்காலிகம் என்பது எங்களுக்கு நன்கு பழகிய சொல். அவரின்கீழ் அணி 77 வென்று 49 தோற்றது. பருவ முடிவில் பிரிவின் முதலிடம் அவர்களுக்கு. அவரோடு கடைசிவரை மல்லுக்கட்டியவர் போல்ற்றிமோர் அணியின் ஃபிராங்க் றொபின்சன். 1975இல் பெரிய லீக்கின் முதலாவது கறுப்பின முகாமையாளராக வந்தவர். 1989 யூன் 27 அன்று ரொறன்ரோவில் இவ்விருவரின் அணிகளும் சந்தித்தபோது, இரு பக்கமும் கறுப்பின முகாமையாளர் இருந்த முதலாவது பெரிய லீக் ஆட்டமாக அது அமைந்தது. செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்று. ஒக்ரோபரைத் தேடுபவர் கண்ணில் இது படுவதில்லை. உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின முகாமையாளராக காஸ்ற்றன் 1992இல் வந்ததைத்தான் அவர்கள் எழுதுவார்கள். அதன் வேர் இங்கே இருக்கிறது.

நடுப்பருவ நிலையை வைத்து முடிவைச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த விளையாட்டில் பழைய சாட்சி 1914ஆம் ஆண்டு பொஸ்ரன் பிறேவ்ஸ். யூலை 4இல் கடைசி இடம். முதலிடத்துக்கு 15 ஆட்டங்கள் பின்னால். பருவ முடிவில் பத்தரை ஆட்டங்கள் முன்னால் நின்று, உலகத் தொடரையும் நான்குக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். மறுபக்கமும் உண்டு. 1987இல் புளூ ஜேய்ஸ் ஒரு வாரமே மிச்சமிருக்க முன்னணியில் நின்று, கடைசி ஏழு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்று, டிட்றொயிற்றிடம் பிரிவைப் பறிகொடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் யூலையைப் பார்க்கவேண்டும். நம்பிக்கைக்கும் ஆதாரம் இருக்கிறது, பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

வென்ற இரண்டு வருடங்களிலும்கூட நடுவில் நடந்தவை கவனிக்கத்தக்கவை. 1992 ஓகஸ்ட் 27 அன்று டேவிட் கோனை நியூயோர்க் மெற்ஸிடமிருந்து வாங்கினார்கள். பதிலாகக் கொடுத்த இளைஞர்களில் ஒருவர் ஜெஃப் கென்ற்; 2000ஆம் ஆண்டில் நஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். 1993 யூலை 31 அன்று றிக்கி ஹென்டர்சன் வந்தார். வந்தபின் அவரது அடிச் சராசரி .215. குசினிகளில் அவரைத் திட்டாதவர் இல்லை. ஆனால் கார்ட்டர் அந்தப் பந்தை அடித்த இன்னிங்ஸில், முதலில் ஆடவந்து நான்கு தவறான பந்துகளைப் பொறுமையாக விட்டு முதற்தளத்துக்கு நடந்தவர் அதே ஹென்டர்சன்தான்.

பிறகு 1994. ஓகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கவேண்டும் என்பது முதலாளிகளின் கோரிக்கை. சராசரிச் சம்பளம் பத்து லட்சம் டொலருக்கு மேல் வாங்கும் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் எதற்கு என்று குசினிகளில் பெரிய விவாதம் நடந்ததாம். எங்கள் மூத்தவர்களில் இடதுசாரி இயக்கங்களில் இருந்துவந்தவர்கள் ஆட்டக்காரர் பக்கம் நின்றார்கள். மணித்தியாலச் சம்பளத்தில் நின்றவர்கள் எவர் பக்கமும் நிற்கவில்லை. ஆட்டமில்லாத இரவுகளில் மைதானத்தைச் சுற்றியிருந்த உணவகங்களில் அவர்களுக்கு வேலை குறைந்தது. அதற்கு முன் மூன்று பருவங்களில், ஒவ்வொன்றிலும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த மைதானத்துக்கு வந்திருந்தார்கள் என்பதை எண்ணிப்பார்த்தால் இதன் தாக்கம் விளங்கும்.

செப்ரெம்பர் 14 அன்று உலகத் தொடர் ரத்துச் செய்யப்பட்டது. அடுத்த வசந்தத்தில் மாற்று ஆட்களை வைத்து ஆட முதலாளிகள் தயாரானபோது, ரொறன்ரோவில் அது முடியவில்லை. வேலைநிறுத்தக்காரருக்குப் பதிலாக ஆட்களை இறக்குவதை, புதிய ஜனநாயகக் கட்சி அரசின் சட்டம் 1993 முதல் ஒன்ராறியோவில் தடைசெய்திருந்தது. எனவே புளோரிடாவிலுள்ள டனீடனில் போய் ஆட ஏற்பாடு செய்தார்கள். 1995 மார்ச் 31 அன்று நீதிபதி சோனியா சொற்றோமயோர் வழங்கிய தடையுத்தரவோடு வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்ததால் அதற்குத் தேவை இருக்கவில்லை. அந்தத் தொழிற்சட்டத்தை அதே வருடக் கடைசியில் புதிய மாகாண அரசு நீக்கிவிட்டது.

1994இன் உண்மையான இழப்பு மொன்றியலுக்கு. ஆட்டம் நின்ற நாளில் மொன்றியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி; எல்லா அணிகளிலும் முன்னணி. அவர்களுக்கு ஒக்ரோபர் வரவேயில்லை. 2004இன் பின் அந்த அணி வோஷிங்ரனுக்குப் போய்விட்டது. நடுவில் நின்றுபோன கணக்கு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்களோடு இரண்டு வருடம் கோப்பை கழுவிய ஒருவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, யூலை மாதம் ஒன்றில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவர் ஒட்டிவைத்த அட்டவணையைச் செப்ரெம்பர்வரை மற்றவர்கள் நிரப்பிவந்தார்கள். அந்த வருடம் அணி எங்கும் போய்ச் சேரவில்லை. என்றாலும் ஒரு நாளையும் வெறுமையாக விடவில்லை.

1993இன் பின் இருபத்திரண்டு வருடங்கள் இந்த அணி ஒக்ரோபரைக் காணவில்லை. இந்தக் காலத்தில்தான் எங்களில் பலர் வந்தோம். 2010 ஓகஸ்டில் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த கப்பலில் வந்தவர்களும் எங்களுக்குள் உண்டு. அவர்களுக்கு 1993 ஒரு கேள்விக்கதை மட்டுமே. 2015 யூலை 28 அன்று அணி 50 வென்று 51 தோற்றிருந்தது. அந்த வாரத்தில் ற்றோய் ருலொவிட்ஸ்கியையும் டேவிட் பிறைஸையும் கொண்டுவந்தார்கள். மிச்சமிருந்த 61 ஆட்டங்களில் 43ஐ வென்று பிரிவில் முதலிடம் பிடித்தார்கள்.

எங்கள் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்றைத் தந்தது 2025. முந்தின வருடம் 74 வெற்றிகளோடு பிரிவின் கடைசி இடத்தில் கிடந்த அணி. யூன் 30இல் யாங்கீஸ் இங்கே வந்தபோது, நாங்கள் மேலே கணக்கில் காட்டிய அதே நிலை: மூன்று ஆட்டங்கள் பின்னால். யூலை 3 வரையான நான்கு ஆட்டங்களையும் புளூ ஜேய்ஸ் வென்றது. கனடா தினத்தன்று ஜோர்ஜ் ஸ்பிறிங்கர் தனியே ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தார். நாலாம் நாள் இரவு ஓர் ஆட்டம் முன்னால். செப்ரெம்பர் 28இல் பருவம் முடிந்தபோது இரு அணிகளும் 94 வெற்றி, 68 தோல்வி என்று சமமாக நின்றன. சமநிலையைத் தீர்க்கும் விதி, இருவரும் நேருக்கு நேர் ஆடியதைப் பார்ப்பது. எட்டுக்கு ஐந்து என்று ரொறன்ரோவுக்கே முதலிடம். அந்த எட்டில் நான்கு, யூலை முதல் வாரத்து நான்கு நாட்களில் வந்தவை.

பின்னர் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஒக்ரோபர் 27இல் லொஸ் ஏஞ்சலீஸில் பதினெட்டு இன்னிங்ஸ் நீடித்த ஆட்டம், எங்கள் நேரத்தில் அதிகாலை மூன்று மணியை நெருங்கி, தோல்வியில் முடிந்தது. வேலை முடித்துக் கடைசி பஸ்ஸையும் விட்டவர்கள் அதை முழுதாகப் பார்த்தார்கள். நவம்பர் 1இல் ஏழாவது ஆட்டம். வெற்றிக்கு இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும் என்ற நிலையில் ஒரு ஹோம் ரன். பதினோராவது இன்னிங்ஸில் இன்னொன்று. 5–4 என்று தோல்வி. புத்தகங்களில் 2025 இந்தத் தோல்வியாகவே இருக்கும். அதில் பிழையில்லை. ஆனால் அந்த இரவுக்கு இந்த அணியைக் கொண்டுவந்த நான்கு நாட்களில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் இடையில், குசினிகளில் எண்களை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய வழக்குகள் இன்னும் முடியவில்லை. அந்த நாட்களும் எங்காவது பதிவாகவேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.