கட்டணமும் கட்சிக் கொடியும்

மலர்க் குழுவினர் கல்லூரி நாள் நினைவுகளைத்தான் கேட்டார்கள். கேன்டீன் கதை, ஹாஸ்டல் கதையெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

பக்கத்தில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985ல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது. நம் கல்லூரி அதற்கு ஒரு வருடம் மூத்தது. ஆனாலும் நம் டிகிரியில் இருப்பது அதன் முத்திரைதான்.

2020 பிப்ரவரியில் அங்கே மாணவர் பேரவையினர் கட்டண உயர்வை எதிர்த்து வாரக்கணக்கில் போராடினார்கள். ஏற்றிய கட்டணத்தைக் குறைக்க வேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வாங்கக் கூடாது என்றார்கள். கூடவே, சில படிப்புகளில் மட்டும் புதுவை மாணவர்களுக்கு இருந்த 25 சதவீத ஒதுக்கீட்டை எல்லாப் படிப்புக்கும் தர வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் எங்கள் மாமா கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கட்சிக்காரன்டா பின்னால இருக்கான்?" எவ்வளவு ஏத்தினாங்க என்று அவர் கேட்கவில்லை. டீக்கடையிலும் இதே கேள்விதான்.

மாமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. காலாப்பட்டில் பேரவைத் தேர்தல் என்றாலே இந்திய மாணவர் சங்கமும் ஏ.பி.வி.பி.யும் மோதுவது வழக்கம். 2019 கடைசியில்தான் டில்லி ஜே.என்.யு.வில் ஹாஸ்டல் வாடகையை, இருவர் அறைக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 300க்கும் தனி அறைக்கு 20லிருந்து 600க்கும் ஏற்றப் போக, நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அதே டிசம்பர் 23ம் தேதி நம் பக்கத்து வளாகத்தில், ஜனாதிபதி வந்த பட்டமளிப்பு விழாவில், தங்கப் பதக்கம் வாங்க வந்த மாணவி ஒருவர் அரங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவர் பதக்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குடியுரிமைச் சட்ட எதிர்ப்பு சூடாக இருந்த நேரம் அது. ஆகவே கட்சி இருந்ததா என்றால், இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆனால் கட்சிகளின் துணை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பது வேறு விஷயம். புதுவையிலிருந்து 65 கி.மீ. தெற்கே சிதம்பரத்தைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு 2013ல் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 5 லட்சத்து 44 ஆயிரம்! அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சி ஆதரவு தந்தது. ஐம்பது நாள் தாண்டியது. ஏப்ரலில் சட்டசபைத் தேர்தல். 2021 தொடக்கத்தில் அரசு இறங்கி வந்தது; கல்லூரி சுகாதாரத் துறைக்குப் போனது, கட்டணம் 13,610 ரூபாய் ஆனது.

காலாப்பட்டில் அந்த வழியே கிடையாது. அது மத்தியப் பல்கலைக்கழகம். வேந்தர் துணை ஜனாதிபதி. நம் சட்டசபை கட்டணத்தைக் குறைக்க நினைத்தாலும் முடியாது. படிப்பவர்களில் ஏராளமானோர் கேரளாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கு இங்கே ஓட்டும் இல்லை. உள்ளூர்க் கட்சிகளுக்கு ருசியான கோரிக்கை 25 சதவீதம் ஒன்றுதான். வெளியூர்ப் பிள்ளைகள், தங்களுக்கு ஒரு சீட்டும் கூடாத அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே கோஷம் போட்டார்கள் என்பதை இங்கே பலர் கவனிக்கவே இல்லை.

பிப்ரவரி 26ம் தேதி துணை ஜனாதிபதி வெங்கையா நாயுடு வளாகத்துக்கு வந்தார். அதற்கு முன்பே போலீஸ் மாணவர்களை அப்புறப்படுத்தியது. மார்ச்சில் கொரோனா வந்து எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பின்னர் நிர்வாகம் 11 பேருக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும், வளாகத்துக்குள் வர ஐந்து வருடத் தடையும் விதித்தது.

அதே 2020ல்தான் நம் கல்லூரி புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. இது புதுவைச் சட்டசபை போட்ட சட்டத்தால் வந்தது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது என்றால், சிதம்பரத்துக்காரர்கள் போல, ஓட்டுக் கேட்டு நம் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடமே கேட்கலாம். மாமா அப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.