திண்ணையில் காலியான இடம்

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தால் பழியை யார்மேல் போடுவது? உபாத்தியாயர்மேல் போடலாம், அக்கறையில்லாத பெற்றோர்மேல் போடலாம். இரண்டும் சுலபம். இருநூறு வருஷங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வேறு காரணம் சொன்னார்.

1822-ல் சென்னை கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிக்கூடங்களை எல்லாம் கணக்கெடுக்கும்படி ஜில்லாக் கலெக்டர்களைக் கேட்டார். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது பள்ளிக்கூடங்கள் 12,498, மாணாக்கர் 1,88,650. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம்! மார்தட்டிக் கொள்ளலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த மாணாக்கரில் பெண்கள் 4,540 பேர்தான். பையன்களிலும் நாலில் ஒருவன்தான் பள்ளிக்குப் போனான் என்று மன்றோவே கணக்கிட்டார்.

பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்ப்பெல் 1823-ல் எழுதி அனுப்பிய அறிக்கை வெறும் எண்களோடு நிற்கவில்லை. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் அவர் மெச்சினார். பொருள் தெரியாமல் செய்யுளை உருப்போடுவதைக் குறையாகச் சொன்னார். அதற்குமேல் அவர் எழுதியதுதான் முக்கியம். சுமார் பத்து லட்சம் ஜனங்கள் உள்ள ஜில்லாவில் 7,000 பிள்ளைகள்கூடப் படிக்கவில்லை. முன்பு பள்ளிக்கூடம் இருந்த பல ஊர்களில் இப்போது ஒன்றுமில்லை.

ஏன்? ஜனங்கள் ஏழையாகிவிட்டார்கள் என்றார் அவர். சீமைத் துணி வந்து தறிக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது. சம்பளம் கட்ட வழியில்லாத தகப்பன், கை கால் சற்றுத் திடப்பட்டதுமே பிள்ளையை வேலைக்கு இழுத்துக்கொண்டான். கும்பினியின் உப்பைத் தின்றவர் இதை எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உபாத்தியாயருக்கும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது என்று மன்றோ எழுதினார். தாலுகாவுக்கு ஒரு பள்ளிக்கூடம் சர்க்கார் செலவில் வேண்டும் என்றார். 1827-ல் அவர் காலரா கண்டு இறந்தார். பத்து வருஷத்துக்குள் அந்தத் தாலுகாப் பள்ளிகளும் கைவிடப்பட்டன.

பிறகு 1956-ல் காமராஜ் அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் மதியச் சோறு போடத் தொடங்கியது. வீட்டில் உலை வைக்க வழியில்லாத பிள்ளைகளும் பலகையும் தட்டுமாக வந்து உட்கார்ந்தார்கள். காம்ப்பெல் நோயைச் சொல்லி நூற்று முப்பத்து மூன்று வருஷங்கள் கழித்துத்தான் மருந்து வந்தது. இடையில் திண்ணையில் உட்காராமலே கிழவரானவர்கள் எத்தனை தலைமுறை! அவர்கள் மக்குகள் அல்ல, பசித்தவர்கள்.