மெசியாவின் அதிகாரமும் நியாயத்தீர்ப்பும்: பினாங்கிலிருந்து ஒரு பார்வை

ஆசிரியர்களே, தேர்வு எழுதப்போகும் மாணவர்களே,

'மெசியா' என்ற எபிரேயச் சொல்லுக்கு 'எண்ணெய் பூசப்பட்டவர்' என்று பொருள். பண்டைய இஸ்ரவேலில் அரசனையும் தலைமை ஆசாரியனையும் எண்ணெய் பூசித்தான் பதவியில் அமர்த்துவார்கள். இதன் கிரேக்க வடிவம்தான் 'கிறிஸ்து'. ஆக, பட்டப்பெயரிலேயே அதிகாரம் அடங்கியிருக்கு.

அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? விடை எழுத மூன்று பகுதிகளை வரிசையாக நினைவில் வைங்க.

1. தானியேல் 7: மேகங்களோடு வரும் மனிதச் சாயல் உள்ள ஒருவருக்கு அழியாத ஆட்சி அளிக்கப்படுகிறது.
2. மத்தேயு 21: எருசலேம் ஆலயத் தலைவர்கள் இயேசுவின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள்.
3. யோவான் 5: தீர்ப்புச் செய்யும் அதிகாரத்தைப் பிதா மகனிடம் ஒப்படைத்ததாகச் சொல்கிறது.

மத்தேயு 25 தீர்ப்பின் அளவுகோலைக் காட்டுகிறது. பசித்தவருக்கு உணவு, தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையில்லாதவருக்கு ஆடை கொடுத்தாயா? நோயாளியைக் கவனித்தாயா? சிறையில் இருந்தவரைப் போய்ப் பார்த்தாயா? எளியவருக்குச் செய்தது அரசருக்கே செய்ததாகக் கணக்கு.

தமிழில் இந்தச் சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சானது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'மனுஷகுமாரன்', 'நியாயத்தீர்ப்பு' என்றிருக்கும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'மானிடமகன்', 'தீர்ப்பு' என்றிருக்கும். மாணவர் எதை எழுதினாலும் பொருள் ஒன்றுதான். விடை திருத்தும்போது இதைக் கவனிங்க.

இப்போது ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். ஃபார்குவார் சாலையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. அன்றைய பினாங்கை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கட்டட வேலையில் உழைத்தவர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் எழுப்பிய சுவருக்குள் வாசிக்கப்படும் வேதத்திலேயே, கைதியைப் பார்க்கப் போனாயா என்ற கேள்வி இருக்கிறது. கம்பெனியின் நீதிமன்றங்கள் அவர்களுக்குத் தீர்ப்பு எழுதின. மத்தேயு 25இலோ, அவர்களை நடத்திய விதத்துக்கு ஆட்சியாளரே கணக்குச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: ஆளுகிறவரையும் தீர்ப்புக்கு நிறுத்தும் ஒரு நூலை, குடியேற்ற ஆட்சியில் வாழ்ந்த எளியவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள்? காரணம் காட்டி எழுதச் சொல்லுங்க.