மார்சிபான்

தோல் நீக்கிய பாதாமை மாவாக அரைத்து, சர்க்கரை சேர்த்துப் பிசைந்த விழுது. கேக் பள்ளிகளில் இதைக் களிமண்போல உருட்டிப் பழம், பூ, முயல் செய்யப் பழக்குவார்கள். மெல்லிய தகடாகத் தேய்த்துக் கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் போர்த்துவதும் உண்டு. அதிகம் பிசைந்தால் பாதாம் எண்ணெய் கக்கிவிடும்.

இத்தாலியில் இது மார்ட்சபானே. ‘பானே’ என்றால் அங்கே ரொட்டி. அதை வைத்து, புனித மாற்கின் ரொட்டி என்று கதை கட்டிவிட்டார்கள். காதுக்கு இனிமை, ஆதாரம் இல்லை. சொல்லாய்வாளர் சிலர் பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தைக் காட்டுகிறார்கள். மெருகிட்ட பெரிய ஜாடிகளுக்குப் பேர்போன ஊர். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதாவே அவற்றைக் குறிப்பிடுகிறார். ஊர்ப்பெயர் ஜாடிக்கு வந்து, பிறகு பெட்டிக்குப் போய், கடைசியில் உள்ளிருந்த இனிப்புக்கே ஒட்டிக்கொண்டதாம். வழக்கு இன்னும் முடியவில்லை. இந்திக்காரர்கள் ஊறுகாய் ஜாடியை இன்றும் மர்த்தபான் என்பதால், நான் இந்தக் கட்சி.

ஆங்கிலம் முதலில் மார்ச்பேன் என்றது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டில் அந்த வடிவம் உண்டு. இன்றைய வடிவம் ஜெர்மன் தந்தது. திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையில், ஒரு ஜெர்மன்காரரிடம் சொல்லிப் பாருங்கள். மார்சிபானுக்குப் பெயர்பெற்ற லூபெக் நகரத்தைத்தான் பேச்சில் இழுப்பார்.

பாதாம் விலைக்குப் பயந்தவர்களுக்குக் கோவா வழி காட்டியிருக்கிறது: அங்கே ஈஸ்டர் மார்சிபான் முந்திரியில்தான். பண்ருட்டி முந்திரி திருவண்ணாமலைக்குத் தூரமில்லை. தூத்துக்குடி மக்ரூனும் பாதாமை விட்டு முந்திரிக்கு மாறியதுதான், பெயரை மட்டும் மாற்றாமல்.