விரலில் மரப்பு, கழுத்தில் காரணம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த சிரியா நாட்டு நாவலர் பவுசானியஸ் என்பாருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் மரத்துப்போயின. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்திட்டு வந்தனர், பயனில்லை. அரபியர் ஜாலினூஸ் என வழங்கும் கேலனோ, முன்னர் எங்கேனும் அடிபட்டதுண்டா என வினவினார். வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகில் அடிபட்ட செய்தி வெளிவந்தது. கழுத்தின் ஏழாம் முள்ளெலும்புக்குக் கீழே புறப்படும் நரம்பே நோயுற்றதெனத் தெளிந்து, மருந்தை முதுகில் இடச் செய்தார், நோய் தீர்ந்தது.

அம்மருந்தின் ஆற்றல் ஐயத்திற்குரியதே. அழுத்தப்பட்ட நரம்பு தானாகவே தேறுவதும் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி அழியாதது.

இந்நிகழ்ச்சி இடம்பெற்ற, நோயுற்ற உறுப்புகளைப் பற்றிய அவரது நூல், பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் (809-873) குழுவினரால் அரபிக்கு வந்தது. அர்ராஸி தம் 'அல்ஹாவீ'யில் அதனைப் பலவிடத்தும் எடுத்தாள்கிறார். முன்னோர் கூற்றை அவரவர் பெயரிட்டு எழுதியபின், தம் சொந்தக் கருத்துக்கு முன் 'லீ' (என்னுடையது) எனக் குறிப்பது அவர் வழக்கம். ஜாலினூஸின் மீதான ஐயங்களைத் தொகுத்துத் தனிநூலே யாத்தவர் அவர். 'அல்ஹாவீ' 1279இல் சிசிலியில் ஃபரஜ் இப்னு ஸாலிமால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது; அதன் அரபி மூலத்தை அச்சேற்றும் பணியை ஐதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் 1955இல் தொடங்கியது. இப்னு சீனாவின் (980-1037) 'அல்கானூன்' கழுத்து நரம்புகளை எட்டு இணைகளாக வகுத்துரைக்கிறது. இன்றைய உடற்கூற்றியலின் எண்ணிக்கையும் அதுவே.

அந்த எட்டாம் இணையிலிருந்தும் மார்பின் முதல் இணையிலிருந்தும் இழைகள் திரண்டு உருவாவதே அல்நர் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்புமேட்டின் பின்னால் தோலுக்கு வெகு அண்மையில் அது செல்கிறது. அங்கே இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருப்பது இதனாலேயே. இந்நரம்பு முழங்கையில் நசுங்கினால் சுண்டுவிரலும், பெரும்பாலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரக்கும். மோதிரவிரல் முழுவதுமோ, நடுவிரலோ, முன்கையின் உட்புறமோ மரத்தால் மருத்துவர் கழுத்தையும் ஆராய்வார். பவுசானியஸின் நடுவிரல் சொன்ன செய்தியும் இதுதான்.

முழங்கையில் நேர்ந்த தொடக்கநிலை அழுத்தத்திற்குப் பெரும்பாலும் எளிய ஒழுங்குகளே போதும்: மேசைமீது முழங்கையை ஊன்றாதிருத்தல், நெடுநேரம் மடக்கி வையாதிருத்தல், உறங்கும்போது கை மடங்காவண்ணம் துணியோ பட்டையோ கட்டிக்கொள்ளுதல். மரப்பு நீங்காமல் நிலைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசை குழிந்தாலோ காலந்தாழ்த்தல் ஆகாது. நரம்பின் கடத்துதிறனைச் சோதித்து, வேண்டுமாயின் அறுவை செய்து அழுத்தத்தை நீக்குவர். அறுபட்ட நரம்பைத் தைத்து இணைத்தாலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கையை எட்ட ஓராண்டுக்கு அருகில் ஆகிவிடும். அதற்குள் கையின் சிறுதசைகள் மெலிந்துகொண்டே வரும்.