விபத்தும் பொறுப்பும்

கொடிய விபத்து நேர்ந்தவுடன் வண்டியை ஓட்டியவரையே அனைவரும் குற்றஞ்சாட்டுகின்றனர். பொறுப்பு அவரோடு முடிந்துவிடுமோ?

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தருகே வெள்ளம் பாதையைச் சிதைத்திருந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அவ்வாண்டிலேயே மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார்; பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார். சாஸ்திரி குற்றம் புரிந்தார் என்பதற்காக அன்று. துறையின் தலைவர் அத்துறைக்குப் பொறுப்பாளர் என்னும் மரபு நிலைபெற வேண்டும் என்பதற்காகவே.

எனினும், பதவி துறப்பதால் மட்டும் பாலம் வலுப்பெறாது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. சாலையை வகுப்போரும் அமைப்போரும் பராமரிப்போரும் உரிய தரத்தைப் பேணாமையால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், அவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றது.

வேங்கிக்கால் வழியே வேலூர் செல்லும் சாலையில் ஒருவர் அடிபட்டால், ஓட்டுநரின் வேகத்தை ஆராய்தல் கடமையே. அவ்விடத்து வளைவையும் விளக்கையும் ஆராய்தலும் அதற்குக் குறையாத கடமையாம். ஒருவரைத் தண்டித்து அமைந்துவிட்டால், அதே இடத்தில் அடுத்த உயிரும் போகுமன்றோ?